தண்ணீர்ப் பைக்குள் ஓர் உதை

அந்தக் கம்பெனியில் முதலாளிகள் இரண்டு பேர். தொழிலாளி என்று ஒருவரும் கிடையாது. கணவன் ஒயர்களைப் பற்றவைப்பான், மனைவி தைப்பாள். கர்ப்பிணிகள் வயிற்றில் கட்டிக்கொள்ளும் துணிப்பட்டைதான் அவர்கள் செய்வது. வயிற்றுக்குள் குழந்தையின் அசைவு குறைந்தால் நர்சின் போனுக்கு உடனே செய்தி போகும். ஆஸ்பத்திரி தொலைவிலிருக்கும் ஊர்களுக்கு அது பெரிய உதவி.

பட்டையைச் சோதிக்க ஒரு வயிறு வேண்டுமே? ரப்பர் பையில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி, நடுவே சுண்டுவிரல் அளவு மோட்டாரை வைத்து, அவளே சேலைக்குள் கட்டிக்கொண்டாள். அவன் போனில் தட்டினால் மோட்டார் உதைக்கும்.

"இதுக்கும் எங்க அண்ணன்தான் பொறுப்பா அண்ணி?" என்று நாத்தனார் கேலி செய்தாள். இவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்த கையோடு சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

அவளுக்கு ஒரு கருவும் தங்கவில்லை. இனி முயன்றால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்ன பிறகு, வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவளும் எடுப்பதில்லை. ஆனால் சோதனை முடிந்தாலும் பையை அவிழ்க்க மட்டும் அவளுக்கு நேரம் வராது. பாத்திரம் கழுவிட்டு அவிழ்க்கிறேன் என்பாள், துணி மடிச்சிட்டு அவிழ்க்கிறேன் என்பாள்.

கடைசிச் சோதனை பஸ்ஸில். குலுக்கல் எது, உதை எது என்று பட்டை பிரித்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டது. அவன் நிம்மதியாகப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். இறங்கும் ஊரின் சுகாதார நிலையத்தில், பட்டையை முதலில் கட்டிக்கொள்ளப் போகும் பெண் காத்திருந்தாள்.

"மாசமா இருக்கிற பொண்ணு நிக்குது, பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே!" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். கூடையோடு இருந்த ஓர் அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உட்காரும்மா. எத்தனாவது மாசம்?"

தண்ணீர்தான் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "ஏழு" என்று வந்துவிட்டது.

"தலைச்சனா? உதைக்கிறானா?" கேட்டதோடு நிற்காமல் அம்மாள் இவள் வயிற்றில் கையையும் வைத்துவிட்டாள். பை அசையாமல் கிடந்தது. அம்மாளின் முகம் சுருங்கிற்று. "என்னம்மா, ஒண்ணையும் காணோமே?"

அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்து நின்றிருந்தவன் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்லப் போனை வெளியே எடுத்தான்.

உதை விழுந்தது.

"அடேயப்பா! பொறந்ததும் பந்துதான் கேப்பான் போல!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

இறங்கி நடக்கும்போது அவன் சொன்னான்: "அந்தம்மா பாவம், பயந்துட்டாங்க. அதான் தட்டினேன்."

"அந்தம்மாவுக்காகவா?"

அவன் தோள்பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டான்.

சுகாதார நிலையத்துக் குளியலறையில் பையை அவிழ்த்தாள். நீரில் அவள் உடம்பின் சூடு இருந்தது. சாக்கடை வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். தளர்ந்துபோன சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

பெஞ்சில் இருந்த பெண்ணுக்குக் கூச்சம். "இறுக்குமாக்கா?"

"உட்காரும்போது கொஞ்சம் பிடிக்கும். பழகிடும்."

"நீங்க கட்டியிருக்கீங்களா?"

"ம்."

பட்டையைச் சுற்றி, கொக்கியை மாட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டாள். கைக்குக் கீழே ஏதோ அசைந்தது. மோட்டார் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தட்டும். இது தட்டவில்லை, தூக்கத்தில் புரள்வதுபோல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நழுவிப் போயிற்று. அவள் கையும் கூடவே போயிற்று.

"வந்துடுச்சு! சரியா காட்டுது!" என்றான் கணவன், போனைப் பார்த்தபடி. "கையை எடு, அழுத்தம் மாறுது."

"எடுக்கிறேன்."

எடுக்கவில்லை.

அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"இருக்கட்டும்ணே. இன்னும் கொஞ்ச நேரம் புரளும்."