ஒரே எண்கள், இரண்டு படங்கள்

கணவர் சூசைராஜின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய துணி தளர்ந்திருக்க, அதை மறுபடி இறுக்கி முடிந்துகொண்டிருந்த தாயம்மாள், தலை நிமிராமல் மூத்த மகளிடம் கேட்டாள்.

"குமரவேலு கெளம்பிட்டானா?"

ஸ்டெல்லா தங்கையைப் பார்த்தாள். புஷ்பா உதட்டைப் பிதுக்கினாள்.

"நீ சொல்லலியாடி?" என்று தாயம்மாள் ஸ்டெல்லா பக்கம் நிமிர்ந்தாள்.

"நான் எங்கம்மா அவன்கூடப் பேசுறேன்? நீ சொல்லியிருப்பேன்னுல்ல நெனச்சேன்."

"நானா? ரெண்டு வருசமா என் மூஞ்சியிலயா முழிக்கிறான்? எதுன்னாலும் உங்கப்பாதான சொல்லுவாரு."

உயிர் போனது விடிகாலையில். இப்போது மணி பதினொன்று. நாலு மணிக்குக் கல்லறைக்கு எடுக்க வேண்டும். விஜயவாடாவிலிருந்து மகன் குமரவேல் இந்த நிமிஷமே கிளம்பினாலும் முகம் பார்ப்பது சந்தேகம்.

"இத்தனை படிச்ச வீட்டுல ஒருத்தர்கிட்டயும் அவன் நம்பர் இல்லியா? அடுக்குமா இப்பிடி?" என்று தலையில் அடித்துக்கொண்டார் பக்கத்து வீட்டு ஜெகநாதன்.

ஸ்டெல்லாவின் ஆராய்ச்சியே எண்களில்தான். புள்ளியும் கோடுமான ஒரு படத்தை அட்டவணையாக்கி, அதிலிருந்து வரும் ஐகன் மதிப்புகள் என்ற சில எண்களை மட்டும் வைத்துப் படம் எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையிலேயே விரிசலைச் சொன்னவர் சூசைராஜ். "நம்ம பொழப்புதான இதுவும்" என்று ஒருநாள் சோற்றுத்தட்டோடு அவளருகே வந்து உட்கார்ந்தார்.

அவள் இரண்டு படம் போட்டாள். ஒன்றில் நாலு புள்ளிச் சதுரம், பக்கத்தில் எதிலும் ஒட்டாத ஒரு புள்ளி. இன்னொன்றில் நடுவே ஒரு புள்ளி, அதிலிருந்து நாலு புள்ளிக்கும் நாலு கோடு.

"ரெண்டு படத்துக்கும் வர்ற நம்பரு ஒண்ணுதான்: ஒரு ரெண்டு, ஒரு மைனஸ் ரெண்டு, மூணு சைபர். ஓசை ஒண்ணுதாம்ப்பா, சாமான் வேற."

"நம்ம வீடு எது தாயி?"

அவள் சிரித்தபடி சதுரத்தைக் காட்டினாள். "நாங்க நாலு பேரு இது. ஷிப்டு ஷிப்டுன்னு ஒதுங்கி நிக்கிற புள்ளி நீங்க."

"படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

தலையணைக்கடியில் அவருடைய பட்டன் போன் இருந்தது. ஸ்டெல்லா எடுத்துத் திறந்தாள். அதில் நாலே பேர்தான். அம்மா, அவள், புஷ்பா, குமரவேல். கடைசிப் பெயரை அழுத்தினாள். இரண்டாம் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சொல்லுங்கப்பா. அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? அக்கா வந்தாளா?"

அன்று அப்பாவிடம் காட்டாமல் விட்ட இன்னொரு படம், நடுப்புள்ளியும் நாலு கோடும், ஸ்டெல்லாவின் கண்முன் வந்தது.

"அப்பா? கேக்குதா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கட்டைவிரல்களில் அம்மா போட்டிருந்த முடிச்சைப் பார்த்தபடி நின்றாள்.