லிஹுவாவுக்கு ஊதுபத்தி

1

இந்தக் கதை ஒரு கடனை அடைப்பதற்காக எழுதப்படுகிறது. பத்திரிகை ஆசிரியர் ஒருவரிடம் முன்பணம் வாங்கி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. பணம் அந்த வாரமே தீர்ந்துவிட்டது. (எதற்கென்று கேட்காதீர்கள். மீன் தொட்டி.) அவர் இதுவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காதவருக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் கஷ்டம் என்பது, தைவானின் தைச்சுங் நகரில் நான் வழக்கமாகப் போகும் தலை கழுவும் கடையில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. கடைக்காரி பாவ்ஜூ தன் கதையைச் சொன்னாள். பாதி காதில் விழுந்தது. மீதி நேரம் காதில் நுரை. அந்த மீதியை நான்தான் இட்டு நிரப்பியிருக்கிறேன்.

ஆசிரியர் ஒதுக்கியிருப்பது ஆயிரம் சொல்லுக்கும் குறைவான இடம். இந்த முறை ஒழுங்காகத் திட்டம் போட்டிருக்கிறேன். தொடக்கத்துக்கு ஐம்பது சொல். முடிவுக்கு இருநூறு. நடுவில் சிக்கனம்.

தொடக்கத்துக்கான ஐம்பது முதல் பத்தியிலேயே தீர்ந்துவிட்டது.

2

மழை பெய்துகொண்டிருந்தது. கடைக் கண்ணாடியில் வழிந்த நீர்த்தாரைகள், பாவ்ஜூவின் நிறைவேறாத—

வேண்டாம். வர்ணனை கட்டுப்படியாகாது.

கடன் என்பது மனிதனுக்கும் அவனுடைய நாளைக்கும் இடையிலான—

இது இன்னும் மோசம். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பாவ்ஜூவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்று வருடம் முன்பு கடையின் வெந்நீர்க் கொதிகலன் வெடித்தது. பக்கத்துத் தெருவில் பழக்கடை வைத்திருக்கும் அவளுடைய சிநேகிதி லிஹுவா நாற்பத்தெட்டாயிரம் யுவான் கொண்டுவந்து கொடுத்தாள். காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை.

"எப்ப முடியுதோ அப்பக் குடுடி" என்றாள் லிஹுவா.

எல்லாக் கேட்டுக்கும் காரணம் இந்த வாக்கியம்தான். 'எப்ப முடியுதோ' என்கிற தேதி தைவானின் எந்த நாட்காட்டியிலும் இல்லை.

பதிலுக்கு, வியாழன்தோறும் லிஹுவாவுக்கு இலவசமாகத் தலை கழுவிவிட்டாள் பாவ்ஜூ. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு வரவுசெலவு நோட்டும் வாங்கினாள். முதல் பக்கத்தில் முத்து முத்தான எழுத்தில் 'லிஹுவா: 48,000' என்று இருக்கும். அடுத்த வரி, 'நோட்டு வாங்கியது: 180'. ஜனவரி ஐந்துக்குப் பிறகு வெள்ளைத்தாள். அப்படி மூன்று நோட்டுகள். மூன்றாவதில் ஐந்தாம் தேதிகூட இல்லை.

3

நீங்கள் பாவ்ஜூவைப் பொறுப்பில்லாதவள் என்று நினைத்திருப்பீர்கள். நானும் முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். பிறகு அவள் சொன்ன இன்னொரு கடன் ஞாபகம் வந்து, நான்கு பக்கத்தைக் கோடிட்டு அடித்தேன்.

மலைப்பக்கத்தில், ஊர் நிலத்தைக் காக்கும் மண்சாமிக்கு ஒரு கோயில் இருக்கிறது. அந்தச் சாமி கடன் கொடுப்பார். ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் வளைவுமான பிறைக்கட்டை இரண்டை வீசிச் சம்மதம் கேட்டால் அறுநூறு யுவான் கிடைக்கும். அதை வியாபாரத்தில் போட்டுவிட்டு, ஒரு வருடத்துக்குள் கூடுதலாக ஏதாவது வைத்துத் திருப்ப வேண்டும். கோயிலில் பெயரும் முகவரியும் எழுதிக்கொள்வார்கள். திருப்பாவிட்டால் வீட்டுக்கு ஆள் வராது, கடிதம் வராது.

பாவ்ஜூ பதினாறு வருடமாக வாங்குகிறாள். ஒருமுறைகூடத் தவணை தவறியதில்லை. அறுநூறுக்கு ஆயிரத்து இருநூறு வைப்பாள். போக வரப் பேருந்துக்கு நானூறு, வழியில் நூடுல்ஸ் எண்பது. கடை ஒரு நாள் மூடல்.

(குறிப்பு: இந்தக் கணக்கை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "நீங்க கதை எழுதி எவ்வளவு சம்பாதிக்கிறீங்க?" என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.)

லிஹுவாவும் ஒரு வியாழக்கிழமை, தலையில் நுரையோடு, கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்.

"சாமிக்கு மட்டும் நாள் தவறாமக் கட்டுறியே, எப்படிடி?"

"சாமிக்குத் தெரியுமே."

"எனக்குந்தாண்டி தெரியும்!"

இருவரும் சிரித்தார்கள். பாவ்ஜூ கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாள். அடுத்த வியாழன் லிஹுவா வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. மூன்றாவது வியாழன், எதிர்ச் சாரியில் வேறு யாரோ கழுவி உலர்த்திய தலையோடு போனாள். பின்பக்கம் சரியாக உலர்த்தவில்லை. பாவ்ஜூவுக்கு அது இங்கிருந்தே தெரிந்தது.

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை.

4

இப்போது வருவதை நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. மாற்றி எழுதிப் பார்த்தேன். 'பாவ்ஜூ மனம் திருந்தி நான்காவது நோட்டு வாங்கினாள்' என்று. அந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. நடந்ததையே வைக்கிறேன்.

கடையில் ஒரு சின்ன அலமாரி உண்டு. அதில் மண்சாமி, ஒரு சிவப்பு விளக்கு, ஆரஞ்சுப் பழம். வெந்நீர் ஊற்றுக்குப் போனபோது எடுத்த லிஹுவாவின் படத்தைச் சட்டம் போட்டு, சாமிக்குப் பக்கத்தில் வைத்தாள் பாவ்ஜூ. படத்தின் கீழே வாரத்துக்கு ஒரு சிவப்பு உறை. காலையில் சாமிக்கு ஊதுபத்தி காட்டும்போது லிஹுவாவையும் பார்த்தாக வேண்டும். லிஹுவாவும் பார்ப்பாள். சனிக்கிழமை மாலை உறையில் ஆயிரம் யுவான் போகாவிட்டால், ஞாயிறு காலை அந்த முகத்தில் எப்படி விழிப்பது?

வேலை செய்தது. மூன்று நோட்டால் ஆகாதது ஒரு படத்தால் ஆயிற்று. பால் தேநீரை நிறுத்தினாள். லாட்டரிச் சீட்டை நிறுத்தினாள். பதினோரு வாரம், பதினோரு உறை. ஊதுபத்தியைச் சாமிக்குத்தான் காட்டினாள். புகைக்கு அது தெரியவில்லை.

பன்னிரண்டாவது வாரம், தலை கழுவ வந்த தையல்காரி சென் அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்த முகம், சட்டம், புகை, பழம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல மனுஷி. போன மாசம்கூட ரெண்டு கொய்யா கூடப் போட்டாளே" என்று முனகிவிட்டுப் போனாள். தலை உலர்த்தி ஓடிக்கொண்டிருந்ததால் பாவ்ஜூவுக்குக் கேட்கவில்லை.

5

மறுநாள் காலை லிஹுவா வந்தாள். கையில் ஒரு வெள்ளை உறை. சாவு வீட்டுக்குக் கொடுக்கும் உறை.

"நான் எப்படி செத்தேன்?" என்று கேட்டாள்.

உறையை நாற்காலியில் போட்டாள்.

"ஆயிரத்து நூறு யுவான். சென் என் கடையில கொண்டாந்து அழுதுகிட்டே நீட்டுறா, என் கையிலயே! என்னைப் பாத்ததும் பப்பாளிக் கூடை மேல சாஞ்சுட்டா. ஆறு பப்பாளி போச்சு." அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள். "அடிப்பாவி. ஊதுபத்தி வேறயா!"

"அது சாமிக்குடி."

"நடுவுல யாரு? நானா, சாமியா?"

பாவ்ஜூ பதினோரு உறைகளையும் எடுத்து நீட்டினாள். லிஹுவா நின்றபடியே எண்ணினாள். பதினோராயிரம்.

"ஏண்டி வர்றதை நிறுத்திட்ட?" என்று பாவ்ஜூ கேட்டாள்.

"நீ தலையைத் தேய்க்கிறப்பல்லாம் வட்டி கட்டுற மாதிரி தேய்ச்ச. கணக்குத் தீக்கிற கை அது. என் பாவ்ஜூ கை இல்ல." உறைகளைப் பையில் வைத்தாள். "சரி, படத்தை எடு."

"எடுத்தாக் கட்டமாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

"அதுக்காக முப்பத்தேழு வாரம் நான் பொணமா நிக்கணுமா?"

இதுதான் சிக்கல். படம் இறங்கினால் கடன் தீராது. இறங்காவிட்டால் லிஹுவா தெருவில் உயிரோடு நடமாட முடியாது.

6

முடிவுக்கு வைத்திருந்த இருநூறு சொல்லில் பாதிக்கு மேல் பப்பாளிக்குப் போய்விட்டது. கையிருப்பில் வாங்கக்கூடிய முடிவுகள்:

பாவ்ஜூவுக்கு லாட்டரி விழுகிறது. (அவள் சீட்டு வாங்குவதை நானே நிறுத்திவிட்டேன்.)

லிஹுவா மீதிக் கடனை மன்னிக்கிறாள். (மலிவான முடிவு. மன்னித்தால் பாவ்ஜூ மறுபடி நோட்டு வாங்குவாள்.)

ஆகவே நடந்ததே. "சாமியக் கேப்போம்" என்றாள் பாவ்ஜூ. பிறைக்கட்டைகளை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "படத்துக்குப் பதிலா இவளே வியாழக்கிழமை வந்து உக்காரட்டும். நான் இவ மூஞ்சியைப் பாத்தே கட்டுறேன். சம்மதமா சாமி?"

வீசினாள். ஒரு கட்டை தட்டைப் பக்கம் மேலாக விழுந்தது. மற்றது உருண்டு ஷாம்பு அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

அது வளைந்த பக்கம் மேலாகக் கிடந்தால், சாமி சம்மதித்துவிட்டார். தட்டையாகக் கிடந்தால், சிரிக்கிறார், மறுபடி கேட்கச் சொல்கிறார். இரண்டும் வளைந்த பக்கம் மேலாக விழுந்தால்தான் மறுப்பு; ஆக, எப்படிக் கிடந்தாலும் மறுக்கவில்லை. ஆனால் எதுவென்று யாராவது குனிந்து பார்க்க வேண்டும். பாவ்ஜூவுக்கு முழங்கால் வலி. எனக்கு இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது. முடிவை உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். நீங்களும் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது. தயவுசெய்து நீங்களே குனிந்து பாருங்கள். அவர்கள் இருவரும் பார்க்கவில்லை.

லிஹுவா தன் படத்தைத் தானே இறக்கி, கவிழ்த்து வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கொண்டை ஊசியை உருவினாள்.

"பின்பக்கம் ஒழுங்கா உலத்திவிடு" என்றாள். "மூணு மாசமா ஒருத்தி கொன்னுட்டா."