ஒட்டுக்குக் கீழே வந்த இலை

முதியவர் யின் வான்ஷிங்கின் மனைவியின் சவப்பெட்டியில் அடித்த ஆணிகள் ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு காலையிலும் வெளியே வந்து கிடந்தன. தச்சரை மாற்றினார்கள், ஆணியையும் மாற்றினார்கள். உடல் கெடவில்லை, கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். அவர்கள் வாழ்ந்த எர்ஹாய் ஏரிக்கரையில் இதற்கு யாரும் பதறவில்லை. ஊர் வழக்கப்படி பெண் இறந்தால் பிறந்த வீட்டார் வந்து முகம் பார்த்த பிறகே மூடியில் ஆணி இறங்கும். இவளுக்கோ பிறந்த வீடு எதுவென்றே தெரியாது. பஞ்சத்தில் கமேலியா என்ற பூச்செடியின் நாற்று ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்து வந்தவள். அவள் சொல்லவில்லை, யினும் கேட்கவில்லை. சுன்லான் என்று தானே ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டார்.

பூச்செடிகளின் வம்சாவளியைத் தேடி குன்மிங் ஆய்வுக்கூடத்திலிருந்து ஷி யூச்சிங் என்ற பெண் வந்தாள். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்துக்குள் தனியாக ஒரு மரபெழுத்து உண்டு, அது தாய்ச்செடி வழியாகத்தான் இறங்கும், படித்தால் எந்த மலை மரம் என்று சொல்லிவிடலாம் என்றாள். மனைவியின் ஊர் தெரிந்துவிடும் என்று, அவள் கொண்டுவந்த செடியில் பூத்திருந்த கிளையிலிருந்து யின் இலை பறித்துக் கொடுத்தார். ஒன்றரை லட்சம் எழுத்துகளையும் படித்துவிட்டுத் திரும்பி வந்தவளின் முகம் சரியில்லை.

"தாத்தா, இது சந்தையில விக்கிற ரகம். ஊரெல்லாம் இருக்கு. ஒட்டுப் போட்டீங்களா?"

யின் தண்டில் ஒட்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினார். மனைவி கொண்டுவந்த செடி சின்னதாக, ஒற்றை அடுக்கில்தான் பூத்தது. பார்க்க லட்சணமாக இல்லையென்று கல்யாணமான மறுவருஷமே அதை வெட்டி, மேலே அடுக்குப்பூ ரகத்தை ஒட்டினார். அவளுடைய வேர் ஒட்டுக்குக் கீழே விட்ட தளிரையெல்லாம் நாற்பது வருஷம் நகத்தால் கிள்ளிப் போட்டவரும் அவரே.

"இனிமே ஒரு தளிர் வந்தா கை வைக்காதீங்க."

"நான் செஞ்சதுக்கு அது வரணுமேம்மா."

மூன்று மழைக்காலம் குந்தியிருந்து பார்த்தார். நான்காவதில் விரல் நீளத்துக்கு ஒன்று வந்தது. அதன் எழுத்து, மேற்கே மலைகள் தாண்டி ஒரேயொரு பள்ளத்தாக்கின் காட்டு மரங்களோடு பொருந்தியது. பஞ்சத்தில் காணாமல் போன பெண்ணைப் பற்றி அங்கே விசாரித்தபோது, அவளுக்கு ஓர் அக்கா உயிரோடு இருப்பது தெரிந்தது. எண்பத்தாறு வயதுக்காரியை மகன் முதுகில் சுமந்து வந்தான். பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

"ஏண்டி ஆச்சின், தண்ணிக்குப் போறேன்னுதானேடி சொல்லிட்டுப் போன?"

பிறகு யின் பக்கம் திரும்பினாள். "நீதான் மாப்பிள்ளையா? பேரு கேக்கக்கூடவா வாய் வரல?"

தச்சர் சுத்தியலை எடுத்தார். யின் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, பெட்டியோரம் குனிந்து, "ஆச்சின்" என்று கூப்பிட்டார். பழக்கமில்லாத பெயர், நாக்கு தடுமாறியது. இன்னொரு தரம் கூப்பிட்டார். அழுதுகொண்டே தச்சரின் கையை விட்டார்.

மறுநாள் காலை ஆணிகள் அடித்த இடத்திலேயே இருந்தன.