மூடிமேல் உட்கார்ந்த மச்சான்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு பழைய துடுப்புப் படகை வாங்கி வந்து, வீட்டு வாசலில் கார் போகிற பாதையில் இறக்கி வைத்தார். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

படகின் இரு முனைகளிலும் மூடி போட்ட அறைகள். கவிழ்ந்தாலும் மூழ்காமலிருக்க அவற்றில் ஃபோம் அடைத்திருப்பார்கள். திறந்து பார்த்தால், அது தண்ணீரைக் குடித்துக் குடித்து, ஊறிய ரொட்டி மாதிரி கிடந்தது. எறும்புகள் வேறு குடும்பம் குட்டியோடு குடியிருந்தன. சமையலறைக் கரண்டியால் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, அறைகளைக் காயவைத்தார். புது ஃபோமுக்கு இரண்டு டப்பா திரவம் வாங்கினார். இரண்டையும் கலந்து ஊற்றினால் பொங்கி, பிறகு கல்லாக இறுகிவிடுமாம்.

உதவிக்கு வந்தவன் மனைவியின் தம்பி. ஊரே அவனை 'அவசரம்' என்றுதான் கூப்பிடும்.

"மச்சான், கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும்னு போட்டிருக்கு. நான் போய்க் கையுறை எடுத்துட்டு வரேன். எதையும் தொட்டுடாதே."

"சரி மாமா" என்றான் அவசரம்.

திரும்பி வந்தபோது இரண்டு டப்பாவும் காலி. படகின் முன்னறையிலிருந்து மஞ்சள் நுரை புஸ்ஸென்று கிளம்பி வந்துகொண்டிருந்தது.

"வெளிய வருது மாமா!"

"மூடிடா!"

மூடினான். நுரை மூடியைத் தூக்கியது. அவன் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். சற்று நேரத்தில் பொங்குவது நின்றது. அவன் வெற்றிப் புன்னகையோடு எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. இடுக்கு வழியாக வந்த நுரை அவன் கால்சட்டையை மூடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மாடி வீட்டுப் பல் டாக்டரம்மா கார் சாவியோடு இறங்கி வந்தார்.

"படகைக் கொஞ்சம் நகர்த்துறீங்களா? நான் கிளினிக் போகணும்."

"படகை நகர்த்திடலாம், டாக்டர். இவனைத்தான்..." என்று இழுத்தார் கடைக்காரர்.

வேறு வழியில்லை. சத்தம் கேட்டு வெளியே வந்த அக்கா பின்பக்கத்தையும் மாமா முன்பக்கத்தையும் பிடித்து, அவசரத்தோடு சேர்த்தே படகைத் தெருவுக்கு இழுத்தார்கள். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். அவசரம் அவருக்கு வணக்கம் வைத்தான்.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "வலிக்குதா?"

"மானம்தான் போகுது, டாக்டர்."

அவர் பையிலிருந்து பல்லிடுக்கில் விடும் நூலை எடுத்தார். ஒரு முனையை அக்காவிடம் கொடுத்தார். இருவரும் ரம்பம் மாதிரி இப்படியும் அப்படியும் இழுக்க, ஃபோம் மெல்ல அறுந்தது. ஒருவழியாக அவசரம் விடுபட்டான். கால்சட்டையின் பின்பாதி மட்டும் வரவில்லை. அக்கா தன் துப்பட்டாவை நீட்டினாள்.

பின்னறைக்குப் புதிதாக வாங்கிய டப்பாக்களை அவளே கலந்தாள். கொஞ்சம் ஊற்றி, இறுகவிட்டு, மறுபடி கொஞ்சம். தம்பியை வீட்டுக்குள் ஓர் அறையில் வைத்துப் பூட்டியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் சோதனை. மாமாவும் மச்சானும் வேண்டுமென்றே படகு நிறையத் தண்ணீர் ஏற்றினார்கள். அது விளிம்பு வரை அமிழ்ந்து, அப்படியே நின்றது. மூழ்கவில்லை! உள்ளே இடுப்பளவுத் தண்ணீரில், குளியல் தொட்டியில் உட்கார்ந்த குழந்தைகள் மாதிரி இருவரும் துள்ளினார்கள்.

"பார்த்தாச்சில்ல? கரைக்கு வாங்க!" என்று கத்தினாள் மனைவி.

"இன்னும் கொஞ்ச நேரம்!" என்றார் கடைக்காரர். துடுப்புகள் ஏற்கெனவே வெகுதூரம் மிதந்து போயிருந்தன.