எட்டாத வளையம்

தெருவே அவரைப் படகுக்காரர் என்றுதான் கூப்பிட்டது. படகு என்னவோ இன்னும் தண்ணீரைப் பார்த்தபாடில்லை. இரண்டு வருஷமாகக் கொட்டகைக்குள் குப்புறக் கிடந்தது. அடிப்பலகைகளை எல்லாம் அடித்து முடித்தாயிற்று. இனி நிமிர்த்தி வைத்தால்தான் உள்வேலை.

"நாலு ஆளைக் கூப்பிடுங்களேன்" என்று போன வாரமே சொன்னாள் மனைவி.

"ஒருத்தனும் வேண்டாம், நானே பார்த்துக்குவேன். நீயும் உள்ள வராதே. வந்தா நொய் நொய்னு ஏதாவது சொல்லுவே."

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் கெட்டிக்காரர். எதையும் முழுசாகத் தூக்கமாட்டார். ஒரு முனையைக் கிளப்பி ஆப்பு வைப்பார், அப்புறம் மறுமுனை. கனத்த அடிமரத்தையே அப்படித்தான் தனியாக ஏற்றினார். இன்றும் உத்தரத்தில் கப்பி கட்டி, கயிற்றை அங்குலம் அங்குலமாக இழுத்தார். படகு புரண்டு பக்கவாட்டில் எழுந்து நின்றது. இனிக் கயிற்றைத் தரையில் பதித்த இரும்பு வளையத்தில் கட்டிவிட்டால் போதும்.

வளையம் நாலடி தள்ளி இருந்தது.

அட கடவுளே! இழுக்க ஒருத்தன், கட்ட ஒருத்தன் என்று முன்பு வேலை பார்த்த பட்டறைப் பழக்கத்தில் பதித்துத் தொலைத்திருந்தார். தூணில் முட்டுக் கொடுத்த காலை எடுத்தால் கயிறு நழுவும். மற்றக் காலை நீட்டினார், எட்டவில்லை. ஒரு கையை விட்டுப் பார்த்தார். படகு ஒரு சாண் இறங்கியது, அவருக்கு உயிரே போய்விட்டது. கீழே சிமெண்ட் தரை. விட்டால் இரண்டு வருஷ உழைப்பும் விறகுதான். உள்ளங்கை எரிந்தது. தன் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது. கூப்பிடலாம்தான், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு?

கயிறு மறுபடியும் வழுக்க ஆரம்பித்ததும் மூஞ்சியாவது முகரையாவது! "ஏய், இங்க வா! சீக்கிரம் வா!"

கூப்பிட்டு வாய் மூடுமுன் வந்துவிட்டாள். ஜன்னலோரம்தான் நின்றிருப்பாள் போல. கயிற்றின் நுனியை வளையத்துக்குள் விட்டு, இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"நேத்து நீங்க பதிக்கும்போதே நெனச்சேன், தனி ஆளுக்கு எட்டாதுன்னு."

"நேத்தே தெரியுமா? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"நொய் நொய்னு சொல்லுவேன்னுதானே உள்ள வராதேன்னீங்க."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தார். படகு இன்னும் பாதிதான் புரண்டிருந்தது. மறுபக்கம் இறக்க இன்னொரு கயிறு, அதற்கும் ஒரு வளையம், அதுவும் நாலடி தள்ளி.

"இரு, போயிடாதே" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.