சம்பந்தியின் இடுப்பில் ஒரு கால்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தம் ஐம்பத்து நான்காவது வயதில் ஜியு-ஜிட்ஸு மல்யுத்த வகுப்பில் சேர்ந்ததற்கு அவருடைய மகள்தான் காரணம். அவள் மூன்று வருடமாக அங்கே போய்க்கொண்டிருந்தாள்.

"நாள் பூரா ஸ்டூல்ல குனிஞ்சு உக்காந்து முதுகு கேள்விக்குறி மாதிரி ஆயிடுச்சுப்பா. ஞாயித்துக்கிழமை காலைல புதுசா வர்றவங்களுக்கு வகுப்பு இருக்கு. ஒரு தடவை போய்த்தான் பாரேன்."

தரையில் படுத்து மூச்சு விடுகிற ஏதோ சமாச்சாரம் என்று நினைத்து அவரும் தலையாட்டிவிட்டார். பாதி சரியாகத்தான் நினைத்திருந்தார். தரையில் படுக்க வேண்டியிருந்தது. மூச்சுதான் விட முடியவில்லை.

மகள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதே பேச்சை, முதுகை எடுத்துவிட்டுத் தொப்பையைப் போட்டு, தன் மாமனாரிடமும் பேசியிருந்தாள்.

முதல் ஞாயிறு காலை கண்ணாடிக்காரர் உடை மாற்றும் அறையில் நின்று, முரட்டு வெள்ளைச் சட்டையின் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. அதே வெள்ளைச் சட்டையும் கால்சட்டையுமாக, இடுப்புப் பட்டையைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, சம்பந்தி உள்ளே வந்தார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். ஊரெல்லாம் அவருக்கு மாஸ்டர் என்றுதான் பெயர்.

"அடடே, சம்பந்தி!"

"வாங்க சம்பந்தி, வாங்க வாங்க!" என்றார் கண்ணாடிக்காரர், தம் வீட்டு வாசலில் நிற்பதைப் போல.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம். உக்காருங்க."

"நீங்க உக்காருங்க."

"நீங்க மொதல்ல."

நாலு பேர் தாராளமாக உட்காரக்கூடிய பெஞ்சு அது. இருவரும் நின்றுகொண்டே பட்டை கட்டிக்கொண்டார்கள்.

கல்யாணம் முடிந்து நாலு வருடம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சொல் தடித்ததில்லை. 'சௌக்கியமா', 'சாப்பிட்டீங்களா', 'இப்பவே கிளம்பணுமா' என்ற மூன்று கேள்விகளை வைத்தே நாலு வருடத்தை ஓட்டியிருந்தார்கள். ஆனால் கடைசி இரண்டு வருடமாகக் கண்ணாடிக்காரர் வீட்டில் ஒரு கவலை இருந்தது. மாஸ்டர் எப்போது வந்தாலும் மோவாயை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, புருவத்துக்குக் கீழிருந்து, முட்ட வரும் மாடு மாதிரி பார்த்தார். அரை மணி நேரத்தில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"நம்ம மேல அவருக்கு ஏதோ மனத்தாங்கல்" என்று கண்ணாடிக்காரரின் மனைவி அடித்துச் சொன்னாள். "கேட்டா சொல்லவா போறாரு? பாக்கற பார்வையிலதான் தெரியுதே."

கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

வகுப்பு நடத்தியவர் ஒரு பல் மருத்துவர். முப்பத்தைந்து வயதிருக்கும், ஆள் ஒல்லி. வாரம் முழுவதும் பல் பிடுங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆட்களைப் பிடுங்கிப் போடுகிறவர். வயதும் எடையும் ஒத்துப்போகிறது என்று சம்பந்திகள் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார்.

"இன்னிலேருந்து ஓபன் கார்ட், அதாவது திறந்த காவல். கீழ மல்லாந்து கிடக்கறவர் தோத்துட்டார்னு நெனைக்காதீங்க. அவர் கைல ரெண்டு பிடி இருக்கு, கால் ரெண்டு இருக்கு. மேல நிக்கறவரோட சட்டைக் கையை ரெண்டு பக்கமும் பிடிங்க. ரெண்டு பாதத்தையும் அவர் இடுப்புல வைங்க. அவர் உங்க காலைச் சுத்தி பக்கவாட்டுல வரப் பாப்பாரு. நீங்க இடுப்பைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரா இருக்கணும். இந்த நாலுல கொறஞ்சது மூணு எப்பவும் அவர் மேல ஒட்டியிருக்கணும். வலிச்சா கையைத் தூக்கு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "பழக்க தோஷம். வலிச்சா ரெண்டு தட்டு தட்டுங்க."

கண்ணாடிக்காரர் மேட் விரிப்பின் மேல் மல்லாந்து படுத்தார். மாஸ்டர் எதிரே கை கட்டி நின்றார். வலது காலைத் தூக்கியதுமே கண்ணாடிக்காரருக்கு வியர்த்துவிட்டது. பெண்ணைக் கொடுத்த வீடு. அந்த வீட்டுத் தலைவரின் இடுப்பில் காலை வைப்பதா?

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க."

"சேச்சே. வைங்க."

கட்டைவிரல் நுனி பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "மன்னிக்கணும்" என்றார். மறுபடி வைத்தார். மறுபடி மன்னிப்பு. மூன்றாவது முறை மாஸ்டரே பொறுக்காமல் அந்தப் பாதத்தைப் பிடித்துத் தம் இடுப்பில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

பிறகு சுற்றி வருவது. "இந்தப் பக்கமா வரட்டுமா சம்பந்தி?"

"தாராளமா வாங்க."

கால்களை ஒதுக்கி வழிவிட்டார் கண்ணாடிக்காரர். மாஸ்டர் நடந்து வந்து அவருடைய நெஞ்சின் குறுக்கே பதவிசாகப் படுத்துக்கொண்டார். "பாரமா இருக்கா?" என்று காதருகே கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று மூச்சு முட்டச் சொன்னார் கண்ணாடிக்காரர்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், இது காவல். காவல்ல நிக்கறவன் விருந்தாளியைக் கூப்பிடக் கூடாது!"

இடம் மாறினார்கள். மாஸ்டர் கீழே, இவர் மேலே. மாஸ்டர் சட்டைக் கைகளைப் பிடித்த பிடி, விலையுயர்ந்த பீங்கானைப் பிடிப்பது போல இருந்தது. இவர் சுற்றிப் போகத் தேவையே இல்லாமல் பிடி தானாகக் கழன்றது.

மூன்றாவது வாரம் டாக்டர் ஒரு சட்டம் போட்டார். "இந்த மேட் மேல இனிமே சம்பந்தின்னு சொல்றவங்க இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு இறால்."

இறால் என்பது ஒருக்களித்துப் படுத்து, காலால் தரையை உதைத்து, பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி நகர்வது. அன்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொண்டதில் ஆளுக்குப் பதினொரு இறால் போட்டார்கள். வீட்டுக்குப் போனதும் கண்ணாடிக்காரரால் சாக்ஸைக் கழற்றக் குனிய முடியவில்லை. மனைவி கழற்றிவிட்டாள். "அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். "வேற என்ன, சௌக்கியமான்னு கேட்டாரு" என்றார்.

ஆனால் அந்த இறால்களில் ஏதோ நடந்திருந்தது. இடுப்பு திரும்பக் கற்றுக்கொண்டுவிட்டது. நாலாவது வாரம் மாஸ்டர் இடது பக்கம் வந்தபோது, கண்ணாடிக்காரர் யோசிப்பதற்கு முன்னே அவருடைய உடம்பு திரும்பி நேரே நின்றது. கால் அழுத்தமாக இடுப்பில் இருந்தது. மன்னிப்புக் கேட்கவும் மறந்துபோயிற்று. மாஸ்டர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டு, வலது பக்கம் வந்தார். அங்கேயும் கால் வந்து நின்றது. மூன்றாம் தடவைதான் காலைத் தாண்டினார்.

ஐந்தாவது வாரம் வகுப்புக்கு முன்னால் எல்லோரும் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரரின் பார்வை மாஸ்டரின் கண்ணாடியில் போய் நின்றது. அவரே தம் கையால் செய்து, இரண்டு வருடத்துக்கு முன் அன்பளிப்பாகக் கொடுத்தது. மேல் பாதியில் தூரப் பார்வை, கீழே போகப் போகப் படிக்கிற பார்வை என்று ஒரே லென்ஸில் இரண்டும் வருகிற உயர்ந்த வகை. எடுத்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. மூக்கில் உட்காரும் பட்டைகள் பளிங்கு மாதிரி இருந்தன. தினமும் போடுகிற கண்ணாடியில் ஆறு மாதத்தில் அந்தப் பட்டை மஞ்சளாகி, ஒரு வருடத்தில் ஓரத்தில் பச்சை ஏறிவிடும். இருபத்தெட்டு வருடத் தொழில் பொய் சொல்லாது.

இருந்த இடத்திலேயே அதை வைத்துவிட்டு மேட் மேல் போய்ப் படுத்தார்.

மாஸ்டர் வந்து நின்றார். கண்ணாடிக்காரர் இரண்டு சட்டைக் கைகளையும் முறுக்கிப் பிடித்தார். இரண்டு பாதமும் இடுப்பில் போய்ப் பொருந்தின.

"நான் குடுத்த கண்ணாடியை நீங்க போடறதே இல்லையா?"

மாஸ்டர் திடுக்கிட்டார். "போட்டுட்டுத்தானே வந்தேன்."

"வண்டி ஓட்டும்போது?"

"அது... கார்ல பழசு ஒண்ணு கிடக்கு." மாஸ்டர் வலது பக்கம் நழுவப் பார்த்தார். கால் கூடவே வந்தது. இடது பக்கம் போனார். அங்கேயும் வந்தது. பின்னால் போகலாம் என்றால் சட்டைக் கை இரண்டும் பிடியில் இருந்தன. முன்னால் வரலாம் என்றால் இடுப்பில் கால். "விடுங்களேன், டாக்டர் பாக்கறாரு."

"சொன்னாத்தான் விடுவேன்."

மாஸ்டர் மூச்சு வாங்கினார். முகம் சிவந்தது. நாலு வருட மரியாதை ஒரு நொடியில் உடைந்தது.

"தலை வலிக்குதுய்யா அதைப் போட்டா! போதுமா? நேராப் பாத்தா எல்லாம் கலங்கித் தெரியுது. மோவாயை நெஞ்சுல இடிச்சுக்கிட்டாத்தான் எதிர்ல இருக்கறவர் மூஞ்சி தெரியும். உங்களைப் பாக்க வரும்போது மட்டும் போட்டுக்கிட்டு வருவேன். அரை மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல மண்டை வெடிச்சிடும்."

கண்ணாடிக்காரருக்கு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அடி விழுந்தது. ஒன்று தொழிலில். இன்னொன்று, அந்த மாட்டுப் பார்வை என்னவென்று புரிந்ததில்.

"ரெண்டு வருஷமாவா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சம்பந்தி ஆசையாச் செஞ்சு குடுத்ததை எப்படிக் குறை சொல்றது?"

"நாங்க என்னவோ ஏதோன்னு கெடந்து தவிச்சோம். எங்க மேல கோவம்னு வீட்ல ஒரே புலம்பல்." பேசப் பேசப் பிடி இறுகியது. "இருங்க. கருவிழி எங்க வருதுன்னு பேனாவால புள்ளி வச்சு அளவெடுத்தேனே, அப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டா இருந்தீங்க?"

"பின்னே? நீங்க மூஞ்சிக்கு முன்னாடி மூஞ்சியைக் கொண்டாந்து வச்சுக்கிட்டுப் பாக்கறீங்க. சம்பந்தியை நிமிர்ந்து முறைக்கவா முடியும்? மரியாதையாக் குனிஞ்சுக்கிட்டேன்."

"அதான்! குனிஞ்சுக்கிட்டுப் பாத்தா கருவிழி மேல ஏறும், புள்ளியும் மேல போயிடும். படிக்கற பக்கம் நேர்ப் பார்வைக்கு வந்து உக்காந்துக்கும். 'சம்பந்தி, கொஞ்சம் நிமிருங்க'ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

இருவரும் ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது டாக்டர் கை தட்டினார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க வாங்க! ரெண்டு பேரும் அசையாதீங்க. பாருங்க, அஞ்சு நிமிஷமா இவரால தாண்டவே முடியலை. கை ரெண்டு, கால் ரெண்டு, நாலும் ஒட்டியிருக்கு. முதுகு தரையில முழுசாப் படலை. ஓபன் கார்ட்னா இதுதான். சார், எப்படி இவ்வளவு நேரம் பிடிச்சீங்க?"

"கோவத்துல பிடிச்சுட்டேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

மாஸ்டருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சிரித்ததில் முழங்கால் மடங்கி, அப்படியே கண்ணாடிக்காரர் மேல் சரிந்தார். பன்னிரண்டு பேர் சுற்றி நின்று பார்க்க, இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் மட்டும், "சம்பந்தின்னு எத்தனை தடவை சொன்னீங்கன்னு காதுல விழுந்துது. அத்தனை இறாலையும் அப்புறமா போட்டுடுங்க" என்றார்.

வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தார். தலை குனியாமல், தானாக நின்ற இடத்தில் நின்றது. கண்ணாடிக்காரருக்குச் சட்டென்று உறைத்தது. ஓடிப்போய்ப் பையிலிருந்து பேனாவையும் ஜன்னலிலிருந்து கண்ணாடியையும் எடுத்து வந்து அவருக்கு மாட்டிவிட்டார்.

"அப்படியே இருங்க. மரியாதை எதுவும் வேண்டாம். என்னை ஒரு கழுதைன்னு நெனைச்சுக்கிட்டு நேராப் பாருங்க."

"நெனைச்சிட்டேன்" என்றார் மாஸ்டர், உடனே.

இரண்டு லென்ஸிலும் புள்ளி வைத்தார். பழைய புள்ளியைவிட ஐந்து மில்லிமீட்டர் கீழே விழுந்தது.

பத்து நாளில் புது லென்ஸ் வந்தது. மாஸ்டர் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று கண்ணாடிக்காரரின் மனைவி கதவைத் திறந்துவிட்டு ஒரு கணம் அடையாளம் தெரியாமல் நின்றாள். மோவாய் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. புருவம் தளர்ந்திருந்தது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசினார். நடுவில், "தங்கச்சி, நாலு வருஷமாச் சொல்லணும்னு இருந்தேன். உங்க சோபா உக்கார லாயக்கில்ல, ஸ்பிரிங் குத்துது" என்றார். அவர் போன பிறகு அவள் கணவனிடம், "அவரு முறைச்சுக்கிட்டே இருந்திருக்கலாம்" என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சோபாவை அந்த மாதமே தூக்கிப் போட்டார்கள்.

மேட் மேல் அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் வழி விடவில்லை. மாஸ்டர் தம் பள்ளியில் பிள்ளைகளைத் திட்டுகிற அதே குரலில் கண்ணாடிக்காரரைத் திட்டினார். "இடுப்பைத் திருப்புய்யா! இன்னும் திருப்பு! பின்னாடி லாரி வருது!" கண்ணாடிக்காரரும் சளைக்கவில்லை. மாஸ்டர் கீழே இருக்கும்போது கால்கள் சோம்பி நிற்கும். அப்போதெல்லாம், "காலா அது, வாடிப்போன கறிவேப்பிலையா?" என்று கேட்டுவிட்டு ஒரே எட்டில் தாண்டிவிடுவார்.

மூன்றாவது மாத முடிவில் டாக்டர் புதிதாக ஒன்று சொல்லிக்கொடுத்தார். கீழே இருப்பவர் ஒரு கையால் எதிராளியின் கணுக்காலைப் பிடித்து, ஒரு காலால் அவர் இடுப்பைத் தள்ளி, இன்னொரு காலால் அவருடைய மற்றொரு கணுக்காலைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். நிற்பவருக்கு நிற்க இடமே இருக்காது. சொல்வது சுலபம். நாற்பது நிமிடம் முயன்றும் இருவருக்கும் வரவில்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. கையைப் பிடித்தால் கால் மறந்தது, காலைப் பிடித்தால் எந்தக் கால் என்பது மறந்தது.

நேரம் முடியப் போகிறது. மாஸ்டர் சற்றே பின்வாங்கி எடையை மாற்றினார். கண்ணாடிக்காரரின் கை கணுக்காலில் விழுந்தது, ஒரு கால் தள்ளியது, இன்னொரு கால் எங்கேயோ போய் எதையோ இழுத்தது. எண்பத்திரண்டு கிலோ மாஸ்டர் அந்தரத்தில் ஒரு கணம் யோசித்துவிட்டு, பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு மெதுவாக மல்லாந்தார். கண்ணாடிக்காரர் தடுமாறி எழுந்து பார்த்தபோது, கீழே கிடந்த அவர் மேலேயும், மேலே நின்ற சம்பந்தி கீழேயும் இருந்தார்கள். முதல் தடவையாக, அதுவும் யாரும் விட்டுக்கொடுக்காமல்.

மாஸ்டர் கூரையைப் பார்த்தபடி கேட்டார். "எப்படிய்யா பண்ணே?"

கண்ணாடிக்காரர் தம் கைகளைப் பார்த்தார். கால்களைப் பார்த்தார். "தெரியலையே."

"தெரியலையா? இப்பத்தானே பண்ணே!"

"கால் பண்ணிச்சு. என்னைக் கேக்கலை."

"சரி, படு. மறுபடி பண்ணிக் காட்டு."

பண்ணிக் காட்ட முடியவில்லை. ஒன்பது தடவை முயன்றார்கள். அடுத்த வகுப்புக்காரர்கள் வந்து ஓரமாக நின்றார்கள். டாக்டர் கடிகாரத்தைக் காட்டினார். உடை மாற்றும் அறையில் பெஞ்சை நகர்த்திவிட்டு இன்னும் இரண்டு தடவை பார்த்தார்கள். கடைசித் தடவை மாஸ்டர், தாமே விழுந்துவிடலாமா என்று யோசித்தார். பிறகு, "முடியாது, ஒழுங்கா விழத்தட்டு" என்று கால்களை அகட்டி, இன்னும் அழுத்தமாக ஊன்றிக்கொண்டார்.