பக்க எண் இல்லாத மரணம்

கள்ளக்குறிச்சியில் ஒரு விதைக்கடையின் மாடியில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்தில், நூலை எதில் படித்தீர்கள் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எவரும் தாமாகச் சொல்வதும் இல்லை. அச்சுப் பிரதியோடு வர வேண்டும், பேசுவதற்கு முன் பக்க எண்ணைச் சொல்ல வேண்டும் என்ற இரண்டும் வட்டத்தின் விதிமுறைகளில் உள்ளன. கேட்கக் கூடாது என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே அது ஒன்றுதான் தவறாமல் கடைப்பிடிக்கப்பட்டது.

இதற்குக் காரணம் வட்டத்தின் தலைவர் தெய்வசிகாமணி. வடக்கனந்தலில் கரும்பும் மரவள்ளியும் பயிரிடுபவர். முதல் கூட்டத்திலேயே அவர், "போன்ல கத படிக்கிறதும், கல்யாண வூட்டு வீடியோவப் பாத்து சாப்ட்டதா நெனச்சிக்கிறதும் ஒண்ணுதாங்க" என்று அறிவித்தார். அன்று சிரித்தவர்கள் அனைவரும் அதன்பின் போனைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

சந்தியா அன்று மற்றவர்களைவிடச் சற்று உரக்கவே சிரித்தார். எலவனாசூர்கோட்டையில் கணித ஆசிரியையாகப் பணிபுரியும் அவர், கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் பேருந்தில் போய்வருகிறவர். காலையில் உட்கார இடம் கிடைப்பதில்லை. ஒரு கை மேல்கம்பிக்குப் போய்விட்டால் மறுகைக்கு வாய்க்கும் இலக்கியம் போனில் உள்ளது மட்டுமே. பக்கத்தைக் கட்டைவிரலால் தள்ளிக்கொள்ளலாம். தியாகதுருகத்தில் கொஞ்சம் பேர் இறங்கியதும் உட்கார்ந்து, பிடித்த இடத்தை இன்னொரு முறை படிப்பார். அச்சுப் பிரதியையும் அவர் வாங்கிவிடுவார். கூட்டத்துக்கு முந்தைய நாள், தாம் பேச நினைத்த வரிகள் எந்தப் பக்கத்தில் உள்ளன என்று தேடிக் குறித்துக்கொள்ள அது தேவைப்பட்டது.

அந்த ஆண்டு வட்டம் எடுத்துக்கொண்ட நாவல், செந்தமிழ்ச்செல்வி எழுதிய 'கட்டைக்கரும்பு'. வெட்டிய கரும்பின் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வளரும் பயிரைக் குறிக்கும் தலைப்பு. மாயவன் என்ற விவசாயி கரும்பு லோடுடன் சர்க்கரை ஆலை வாசலில் வரிசையில் காத்துக் கிடந்து, அங்கேயே இறந்துபோகிறார். சந்தியா அந்த மரணத்தைப் பேருந்தில் இருமுறை படித்தார். இரண்டாம் முறை இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு உளுந்தூர்பேட்டை வரை போனார்.

அச்சுப் பிரதியில் அந்த இடத்தைத் தேடியபோது அது இல்லை. தொண்ணூற்றேழாம் பக்கத்திலிருந்து நூற்றுப்பன்னிரண்டு வரை மாயவன் லோடு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிறார். அடுத்த தாளைத் திருப்பினால் மறுபடியும் தொண்ணூற்றேழு. மாயவன் மறுபடியும் லோடு ஏற்றுகிறார். அதற்கடுத்து நேராக நூற்றிருபத்தொன்பது. அவருடைய மனைவி கரும்புக் கொல்லையில் தனியாகத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறாள். பதினாறு பக்கங்களை இருமுறை சேர்த்து, அடுத்த பதினாறைச் சேர்க்காமலே பைண்டு செய்துவிட்டார்கள். வட்டம் மொத்தமாக வாங்கிய பிரதிகள் எல்லாமே அச்சகத்திலிருந்து ஒரே கட்டாக வந்தவை.

மறுநாள் கூட்டத்தில் கரும்பு விலை பேசப்பட்டது. ஆலையின் சங்கொலி பேசப்பட்டது. மனைவியின் மௌனம் விரிவாகப் பேசப்பட்டது. நாவலின் நடுவே ஒருவர் இறந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சந்தியாவும் திறக்கவில்லை. அவரிடம் பக்க எண் இல்லை.

கடைசியாகக் கவியரசன் எழுந்தார். நவீன இலக்கியத் திறனாய்வில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர். எந்த நூலையும் அட்டையிலிருந்து அட்டை வரை அச்சிலேயே படிப்பவர்.

"பக்கம் தொண்ணூற்றேழு," என்று தொடங்கியவர் சற்று நிறுத்தினார். "இரண்டாவது தொண்ணூற்றேழு."

பிரதியை அந்தப் பக்கத்தில் விரித்து உயர்த்திக் காட்டினார்.

"காலம் நேர்கோட்டில் செல்லும் என்ற நம்பிக்கையை ஆசிரியர் இங்கே பக்க எண்ணிலேயே தகர்க்கிறார். உழைப்பவனுக்கு நேற்றும் நாளையும் ஒரே பக்கம்தான் என்கிறார்."

பலர் தங்கள் பிரதியைத் திறந்து பார்த்தார்கள், உடனே மூடினார்கள். "ஆழமான பார்வைங்க" என்று தெய்வசிகாமணி கை தட்டினார். அனைவரும் தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் கட்டுரையாக வளர்ந்தது. வட்டத்தின் ஆண்டுக் கூட்டம் வெள்ளிமலையில் நடப்பதாகவும், செந்தமிழ்ச்செல்வி நேரில் வருவதாகவும், கட்டுரை அவருக்குப் பிடித்துவிட்டால் இரண்டாம் பதிப்புக்கு அதுவே முன்னுரை என்றும் முடிவாயிற்று. இத்தனை ஆண்டு ஆய்வில் கவியரசனின் பெயர் எங்கும் அச்சேறியதில்லை. அவருடைய அம்மா பெரியம்மாள் கரும்பு வெட்டப் போகிற கொல்லையிலெல்லாம், "எம்புள்ள பேரு புஸ்தகத்துல வருது" என்று சொல்லிவைத்துவிட்டார். அந்த முன்னுரை அச்சாகும் பதிப்பில், பைண்டிங் சரியாக இருக்குமானால், மாயவன் செத்துக் கிடப்பார் என்பது சந்தியாவுக்குத் தெரியும்.

ஒருநாள் விதைக்கடைக்கு எதிரில் டீ குடிக்கும்போது அவர் முயன்று பார்த்தார்.

"தம்பி, அந்தப் பக்கமெல்லாம் ரெண்டு தடவ வருதே, பைண்டிங்ல இன்னா பண்ணித் தொலச்சாங்களோ?"

"அப்பிடித்தாங்க்கா சாதாரண வாசகருங்க நெனப்பாங்க."

"நானு சாதாரண வாசகர்தான் தம்பி."

"தலைப்ப யோசிங்கக்கா. கட்டைக்கரும்பு. வெட்டுன எடத்துலயே திரும்ப மொளைக்குது. பக்கமும் அப்பிடித்தான் மொளைக்குது. அதப் போய் பைண்டர் தலையில கட்றீங்களே."

"அப்ப மாயவன் இன்னா ஆனாரு?"

"அதாங்க்கா உச்சமே! சொல்ல மாட்டாங்க. செத்தாரா, எங்கனா போய்ட்டாரான்னு நாம வாழ்நாள் முழுக்க யோசிக்கணும்."

சந்தியாவுக்கு யோசிக்க எதுவும் இல்லை. மாயவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்தது, முன்னால் நின்ற வண்டிக்காரர் ஓடிவந்து தண்ணீர் புகட்டியது, எடைமேடையிலிருந்து அவருடைய வண்டி எண்ணை மைக்கில் திரும்பத் திரும்ப அழைத்தது எல்லாம் அவருக்குத் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்தான் பதில் இல்லை.

"டீக்கு நான் குடுக்குறேன்" என்றார்.

ஆண்டுக் கூட்டத்தன்று கவியரசன் முதல் பேருந்திலேயே வெள்ளிமலைக்குப் போய்விட்டார். சந்தியாவும், தையற்கடை வைத்திருக்கும் பாப்பாத்தியும் ஜீப்பில் கிளம்பினார்கள். வடக்கனந்தலில் தெய்வசிகாமணி ஏறி முன்னால் உட்கார்ந்தார். வெள்ளிமலையை அவர்தான் தேர்ந்தெடுத்திருந்தார். அங்கே பல இடங்களில் சிக்னல் எடுக்காது என்பதால் வாசிப்பு தூய்மையாக இருக்கும் என்பது அவர் வாதம்.

கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் பாப்பாத்தி பெருமூச்சு விட்டார். அழவைக்காத கதைகளை அவர் கதையாகவே கணக்கில் எடுப்பதில்லை.

"மாயவன் செத்த அன்னிக்கு ஒரு பொண்ணோட கல்யாண ஜாக்கெட்டுக்குக் கையத் திருப்பி வச்சித் தச்சிட்டேன் டீச்சர். கண்ணுல தண்ணியா ஊத்துது, ஊசி எங்க தெரியுது?"

"நான் மட்டும் இன்னா? மோட்டார நிறுத்த மறந்துட்டேன்" என்றார் தெய்வசிகாமணி. "வரப்பு ஒடச்சிக்கினு பங்காளி கொல்லையெல்லாம் தண்ணி. அவன் வந்து கத்துறான், நான் அழுதுக்கினு நிக்கிறேன். அவங்கிட்ட போயி இன்னான்னு சொல்றது?"

ஜீப் இரண்டு வளைவுகள் ஏறியது.

"ஐயா, அந்த எடம் எந்தப் பக்கத்துல வருதுங்க?" என்று கேட்டார் சந்தியா. விதிமுறைப்படி அது கேட்கத்தக்க கேள்விதான்.

தெய்வசிகாமணி மடியிலிருந்த அச்சுப் பிரதியைத் திறந்தார். எழுத்து பெரிதாகட்டும் என்பதுபோல் இரண்டு விரல்களைத் தாளின்மேல் வைத்து விரித்தார். தாள் அப்படியே இருந்தது. விரல்களை மடக்கிக்கொண்டார்.

"நடுவுல எங்கியோ வரும்மா."

"வர்லீங்க ஐயா. அது இதுல இல்லவே இல்லீங்க."

"இல்லியா." அது கேள்வியாக ஒலிக்கவில்லை.

"அப்ப அந்தப் புள்ள எழுதிக்கினு வந்திருக்கிறது?" என்றார் பாப்பாத்தி.

"கையில இருந்தத அவரு ஒழுங்கா படிச்சிருக்காருக்கா."

"சொல்லிரலாமே, பாவம்."

"சொல்லலாம்" என்றார் தெய்வசிகாமணி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே. "ஒனக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பான். இன்னா சொல்லுவ?"

பாப்பாத்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "கட்டுரையும் நல்லாத்தான கீது" என்றார்.

"அதான? நாமளே கை தட்டிட்டோம்" என்றார் தெய்வசிகாமணி.

கூட்டம் வெள்ளிமலையில், ஒரு பக்கச் சுவரோரம் சாமை மூட்டைகள் அடுக்கியிருந்த ஒரு கூடத்தில். வாசலிலேயே செந்தமிழ்ச்செல்வி நின்றிருந்தார். வந்தவர்களை வணங்கி, எல்லோரும் முழுதாகப் படித்துவிட்டு வந்ததற்கு நன்றி சொன்னார். தம் புத்தகம் அச்சாகி வந்தபின் அதைத் திறந்து பார்க்கும் தைரியம் தமக்கு இன்னும் வரவில்லை என்றார்.

"மாயவன் சாவுற எடத்த எழுத மட்டும் ஒரு வருசம் ஆச்சுங்க. எங்கப்பா அப்பிடித்தான் லைன்ல நின்னுக்கினே போய்ட்டாரு. அந்த எடம் ஒண்ணு நல்லா வந்திருந்தா போதும் எனக்கு."

தெய்வசிகாமணி தலையசைத்தார். பாப்பாத்தியும் தலையசைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சந்தியா உள்ளே விரைந்தார். கவியரசன் மூட்டைகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதடுகள் மட்டும் அசையக் கட்டுரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் மடிப்புக் கலையவில்லை; புதுச்சட்டை.

"தம்பி, ஒரு விஷயம்..."

"முடிஞ்சதும் சொல்லுங்கக்கா. இப்ப எதுனா சொன்னீங்கன்னா மறந்துருவேன்."

தெய்வசிகாமணி கூட்டத்தைத் தொடங்கிவிட்டார். வரவேற்புரையில் அச்சுத் தாளின் மணத்தைக் குறிப்பிட்டார். பிறகு கவியரசன் எழுந்து, பிரதியை மேசையில் விரித்துவைத்து, நிதானமாகப் படித்தார். முதல் பத்தி தலைப்பைப் பற்றியது, செந்தமிழ்ச்செல்வி புன்னகைத்தார். அடுத்தது திரும்பி வரும் பக்க எண்களைப் பற்றியது. அவர் புருவம் சுருங்கியது. பக்கத்திலிருந்த தெய்வசிகாமணியைப் பார்த்தார். தெய்வசிகாமணி ஒரு சாமை மூட்டையைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் பத்தி எதுவென்று சந்தியாவுக்குத் தெரியும். டீக்கடையிலேயே கவியரசன் அதைச் சொல்லிவிட்டார். ஆசிரியர் எழுதாமல் விட்ட மாயவனின் முடிவே இந்நாவலின் ஒரே இலக்கியத் தருணம் என்பதுதான் அதன் சாரம்.

"மூன்றாவதாக," என்றார் கவியரசன், "இந்நாவலில் ஆசிரியர் எழுதாமல்..."

"ஒரு நிமிஷம் தம்பி."

சந்தியா எழுந்து நின்றிருந்தார். எல்லாத் தலைகளும் திரும்பின. கவியரசன் விரலை வரியின்மேல் வைத்தபடியே நிமிர்ந்தார்.

"டீச்சர்," என்றார் தெய்வசிகாமணி. குரலில் எச்சரிக்கை இருந்தது. "பேசறதுன்னா மொதல்ல பக்கத்தச் சொல்லணும்ங்க."

சந்தியா கையிலிருந்த அச்சுப் பிரதியை நாற்காலியில் வைத்தார். பையைத் திறந்தார்.

"பக்கம் இல்லீங்க ஐயா. இந்த நாவல நான் போன்லதான் படிச்சேன். இதுவரைக்கும் நம்ம வட்டத்துல படிச்சது எல்லாத்தையும் போன்லதான் படிச்சேன். தம்பி, நீ ஒண்ணும் தப்பாப் படிக்கல. ஒன் புஸ்தகத்துல பதினாறு பக்கத்த வுட்டுட்டாங்க. இதுல இருக்குது, உக்காந்து கேளு."

நாவலைக் காலையிலேயே போனில் இறக்கி வைத்திருந்ததால் சிக்னல் தேவைப்படவில்லை. எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கிக்கொண்டு, மாயவன் டிராக்டர் சக்கரத்தில் சாயும் இடத்திலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினார்.